ஆட்டம் ஓய்ந்த அரங்குகள்

கொடைரோடு நிலையத்தில் இறங்குகிறவர்களில் அவ்வூரைக் காண்பதற்கென்றே இறங்குகிறவர் மிகச் சிலர். மலைக்குச் செல்பவர் இறங்குகிறார். ஒரு தேநீர் அருந்துகிறார். வத்தலக்குண்டு வழியாக மேலே போய்விடுகிறார். திருச்சிக்கும் மதுரைக்கும் இடையே 1875ஆம் ஆண்டில் இருப்புப்பாதை இடப்பட்டபோது அம்மையநாயக்கனூரில் அமைந்த இந்நிலையம், வேறோர் ஊருக்குப் போகும் வழி என்பதையே தன் பெயராகப் பெற்றது. மலைச்சாலை அமையாத அக்காலத்தில் இங்கிருந்து அடிவாரம்வரை மாட்டு வண்டிப் பயணம். அதன்பின் செங்குத்தான காட்டுப் பாதை. வெள்ளைக்கார அதிகாரிகளையும் மறைப்பணியாளர்களையும் அவர்தம் மனைவி மக்களையும் நாற்காலிகளில் அமர்த்தித் தோளில் தூக்கிக்கொண்டு கூலியாட்கள் ஏறினர். பெட்டிகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் தலைச்சுமையாகவே மேலே சென்றன. லா துரையின் பெயரால் வழங்கும் மலைச்சாலை கடந்த நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் திறக்கப்பட்டபின் அந்தத் தோள்களுக்கு வேலையில்லாமற் போயிற்று. ஏறிச் சென்றவர்கள் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளில் குளிரும் அருவியும் ஏரியும் நிறைய உண்டு. சுமந்தவரின் பெயரை அவற்றில் தேடினால் கிடைப்பது அரிது.

இதனைச் சொல்லித் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஒலிம்பிக் போன்ற பெருவிழாக்களுக்கென்று எழுப்பப்பட்ட அரங்குகளை, விழா முடிந்து பல பத்தாண்டுகள் கழிந்தபின் தேடிச் சென்று காண்பது மேலைநாடுகளில் ஒருவகைச் சுற்றுலாவாகவே வளர்ந்திருக்கிறது. இன்னார் இங்கே ஓடினார், இன்னார் இங்கே வென்றார் என்று நினைத்துக்கொண்டு வெறிச்சோடிய படிகளில் சற்று அமர்ந்திருந்து திரும்புகின்றனர். கொடைரோட்டு வழியில் வாழும் நமக்கு அத்துடன் இன்னொரு கேள்வியும் எழுகிறது. இதனைச் சுமந்தவர் யார்?

இவ்வகைப் பயணங்களுள் மிகவும் பழையது கிரேக்க நாட்டு ஒலிம்பியாவுக்குச் செல்வதாகும். கி.மு. 776இல் தொடங்கியதாக மரபு கூறும் போட்டிகள், கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிறிஸ்தவப் பேரரசர் தியோடோசியுஸ் காலத்தை ஒட்டி ஓய்ந்தன. அங்குள்ள இடிபாடுகளுக்கு நடுவே கூரையின்றி நிற்கும் செங்கற் கட்டடம் ஒன்று உண்டு. ஜீயஸ் தெய்வத்தின் மாபெரும் சிலையைப் பொன்னாலும் தந்தத்தாலும் வடித்த சிற்பி ஃபீடியாசின் பட்டறை அதுவே. 5ஆம் நூற்றாண்டில் அதனைக் கிறிஸ்தவர்கள் கோவிலாக மாற்றிக்கொண்டனர். அது இத்தனை காலம் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். 1950களில் அங்கு அகழ்ந்தபோது, சிலையின் ஆடை மடிப்புகளுக்குப் பயன்பட்ட மண் அச்சுகளும், ஃபீடியாசின் பெயர் கீறப்பட்ட சிறு மண்குவளை ஒன்றும் கிடைத்தன. பொற்சிலை எப்போதோ அழிந்தது. வேலைக்கு நடுவே ஒருவன் குடித்த குவளை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உரோமைக்குத் திருப்பயணம் சென்றுவரும் நம் மக்கள் புனித பேதுரு பேராலயத்தையும் கத்தகோம்புகளையும் கண்டு திரும்புகின்றனர். 1960ஆம் ஆண்டு ஒலிம்பிக் நடந்த நகரமும் அதுவே என்பது அவர்களில் பலருக்கு நினைவிருப்பதில்லை. அப்போட்டிகளையொட்டி வந்திருந்த வீரர்களைத் திருத்தந்தை 23ஆம் யோவான் பேதுரு சதுக்கத்தில் வரவேற்றார். மல்யுத்தம் மாக்சென்சியுஸ் மன்றத்தின் இடிந்த வளைவுகளின்கீழ் நடந்தது. உடற்பயிற்சிப் போட்டிகளுக்குக் கரகல்லாவின் குளியல் மாளிகை இடிபாடுகளைப் பயன்படுத்தினர். எத்தியோப்பிய வீரர் அபேபே பிக்கிலா வெறுங்காலுடன் ஓடி நெடுந்தொலை ஓட்டத்தை வென்று நின்ற இடம் கான்ஸ்டன்டைன் வளைவு. இவை மூன்றும் இன்றும் அவ்வாறே நிற்கின்றன. நம் நாட்டவர் தேடவேண்டிய இடமோ வேறு. 1928 முதல் ஆறு ஒலிம்பிக்குகளில் தொடர்ந்து தங்கம் வென்றுவந்த இந்திய ஹாக்கி அணி, பாகிஸ்தானிடம் ஒரே ஒரு கோலில் தோற்று முதன்முறையாகத் தங்கத்தை இழந்தது, நகரின் தென்பகுதியில் புதிதாகக் கட்டியிருந்த மிதிவண்டி ஓட்டரங்கில். 2008 ஜூலையில் அதனை வெடிவைத்துத் தகர்த்துவிட்டனர். 1,700 ஆண்டுக் கல் நிற்கிறது. 48 ஆண்டுக் கான்கிரீட் இல்லை.

இந்தியாவில் இதுவரை ஒலிம்பிக் நடந்ததில்லை. அதன் சாயலில் அமைந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகள் இருமுறை, 1951இலும் 1982இலும், புதுடில்லியில் நடந்தன. அக்களங்களைக் காண்பதற்கு நாம் அதிகம் அலையவேண்டியதில்லை. திண்டுக்கல்லில் வண்டி ஏறினால் இரண்டு நாட்பயணத்தில் நிஜாமுத்தீன் நிலையம். அங்கிருந்து எல்லாமே சில கிலோமீட்டர் தொலைவுக்குள்.

முதலில் தேசிய அரங்கம். இந்தியா கேட் வளைவுக்குக் கிழக்கே அமைந்திருக்கும் இது, பவநகர் மகாராஜாவின் நன்கொடையில் 1933இல் எழுந்தது. கன்னாட் பிளேஸ் வட்டத்தை வடிவமைத்த இராபர்ட் டோர் ரசலே இதற்கும் வரைபடம் தந்தார். அன்று இதற்கு முன்னாள் அரசப் பிரதிநிதி இர்வின் பிரபுவின் பெயர். அடுத்த ஆண்டே, லாகூர்ப் பேராசிரியர் குருதத் சோந்தியின் முயற்சியால், இந்தியா, ஆப்கானிஸ்தான், இலங்கை, பாலஸ்தீனம் ஆகிய நான்கும் பங்கேற்ற மேற்காசிய விளையாட்டுப் போட்டி இங்கே நடைபெற்றது. போருக்குப்பின், விடுதலை பெற்ற ஆசிய நாடுகள் தமக்கென ஒரு விழா காணவேண்டும் என்று வாதாடி ஆசிய விளையாட்டுகளுக்கு வித்திட்டவரும் அதே சோந்திதான்.

1951 மார்ச் 4 முதல் 11 வரை நடந்த அந்த முதல் விழாவில் 11 நாடுகளிலிருந்து 489 வீரர்கள் கலந்துகொண்டனர். இன்றைய கணக்கில் இது ஒரு மாநிலப் போட்டிக்கும் போதாத தொகை. ஆனால் அதில் ஜப்பான் இருந்தது. 1948 இலண்டன் ஒலிம்பிக்குக்கு ஜப்பானை அழைக்கவில்லை. அந்நாட்டுடன் சமாதான உடன்படிக்கையும் அப்போது கையெழுத்தாகியிருக்கவில்லை. தோற்றுத் தலைகுனிந்திருந்த நாட்டைப் புதிதாய் விடுதலை பெற்ற நாடு விருந்தினராக அழைத்தது. வந்தவர்கள் 24 தங்கப் பதக்கங்களுடன் முதலிடம் பெற்றுத் திரும்பினர். 15 தங்கத்துடன் இந்தியா இரண்டாவது. 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டங்கள் இரண்டையும் வென்ற லேவி பின்டோவும், மகளிர் ஓட்டத்தில் பதக்கம் பெற்று மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குச் சென்ற மேரி டிசூசாவும் பம்பாயிலிருந்து வந்தவர்கள். மேவாலால் போட்ட ஒற்றைக் கோலில் இந்தியக் கால்பந்து அணி ஈரானை வென்றது.

அந்த ஓடுபாதையைத் தேடி இன்று செல்பவர் ஏமாறுவார். 2002இல் அரங்கம் ஹாக்கி மேதை தியான் சந்தின் பெயரைப் பெற்றது. 2010ஆம் ஆண்டு உலகக்கோப்பை ஹாக்கிக்கும் காமன்வெல்த் போட்டிகளுக்குமாக உட்புறம் பெரிதும் மாற்றிக் கட்டப்பட்டது. பின்டோ ஓடிய மண்பாதை இருந்த இடத்தில் ஹாக்கிக்குரிய செயற்கைப் புல்தரை விரிந்துகிடக்கிறது. 1982 ஆசியப் போட்டியின் ஹாக்கி இறுதியாட்டத்தில் பாகிஸ்தானிடம் நாம் 7–1 என்று தோற்றதும் இதே வளாகத்தில்தான் என்பதால், பழைய தரை போனதில் வருந்தாதவர்களும் இருக்கக்கூடும்.

களம் மறைந்துபோவதில் டில்லி தனித்து நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 டோக்கியோ ஆசியப் போட்டியில் 2.03 மீட்டர் உயரம் தாண்டி, ஆசிய விளையாட்டுகளில் இலங்கைக்கு முதல் தங்கத்தை ஈட்டித் தந்தார். அப்போட்டிக்கெனக் கட்டிய தேசிய அரங்கமே 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் முதன்மை அரங்கமாயிற்று. அடுத்த ஒலிம்பிக்குக்குப் புதிய அரங்கம் வேண்டுமென்று 2015இல் அதனை இடித்தனர். எதிர்வீரசிங்கம் 2024இல் மறைந்தார். அவர் தாண்டிய இடம் அவருக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே போய்விட்டது.

இனி 1982. நிஜாமுத்தீனிலிருந்து மேற்கே லோதி சாலைப் பக்கம் திரும்பினால் ஜவகர்லால் நேரு அரங்கம் தெரியும். 1982 நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை நடந்த ஒன்பதாம் ஆசிய விளையாட்டுகளுக்காகவே கட்டப்பட்டது. 33 நாடுகள் வந்தன. நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி பரவியது இவ்விழாவையொட்டித்தான். ஆயினும் கொடைக்கானல் மலைமேல் ஒளிபரப்புக் கோபுரம் எழாத அந்நாளில், நம் பக்கத்து ஊர்களுக்கு அவ்விழா வானொலியாகவும் மறுநாள் செய்தித்தாளாகவுமே வந்துசேர்ந்தது.

அரங்கைச் சுற்றிவருகையில் நம் நெஞ்சில் நின்ற பெயர் சார்லஸ் பொரோமியோ. தேவகோட்டையில் பிறந்தவர். 16ஆம் நூற்றாண்டு மிலான் பேராயரின் பெயரைத் திருமுழுக்குப் பெயராகத் தாங்கியவர். கொள்ளைநோய்க் காலத்தில் நகரைவிட்டு ஓடாமல் நின்ற அந்தப் புனிதரின் திருநாள் நவம்பர் 4. அது கழிந்து சில வாரங்களில், 800 மீட்டர் ஓட்டத்தை 1 நிமிடம் 46.81 வினாடிகளில் முடித்து நம் பொரோமியோ தங்கம் பெற்றார். இரு சுற்றுகளே கொண்ட இந்த ஓட்டத்தை அறிந்தவர் இதனைக் கொடிய ஓட்டம் என்பர். குறுவோட்டக்காரனைப்போல் முழு விசையுடன் முடித்துவிடவும் இயலாது. நெடுந்தொலைக்காரனைப்போல் மூச்சைச் சேமித்துவைக்கவும் நேரமில்லை. இரண்டாம் சுற்றின் கடைசித் திருப்பத்தில் கால்கள் ஈயமாய்க் கனக்கும்போது ஓடுகிறவன் என்ன செய்கிறான் என்பதே ஓட்டத்தைத் தீர்மானிக்கும். அதே பாதையில் கேரளத்தின் எம். டி. வல்சம்மா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 58.47 வினாடிகளில் வென்றார். 18 வயதுப் பி. டி. உஷா இரு வெள்ளிகள் பெற்றார். இந்தியாவுக்கு மொத்தம் 13 தங்கம்.

பொரோமியோ ஓடிய தளமும் இன்று அங்கில்லை. 2010க்காக அரங்கின்மீது வெண்ணிறக் கூரை வளைந்து எழுந்தது. 60,000 பேர் அமரும்படி அது திருத்தப்பட்டது. 2025இல் உலக மாற்றுத்திறனாளர் தடகளப் போட்டிகளுக்காகப் புதிய ஓடுதளம் விரிக்கப்பட்டது. கை இழந்தவரும் கண்ணிழந்தவரும் காலுக்குப் பதில் உலோகத் தகடு பொருத்தியவரும் அதில் ஓடினர். ஓர் அரங்கம் முதுமையடைவதில் இதைக்காட்டிலும் நல்ல முறை இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. ஆயினும் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே, இவ்வரங்கை முழுவதுமாக இடித்துவிட்டுப் பெரியதொரு விளையாட்டு நகரம் அமைக்கும் திட்டம் குறித்துச் செய்திகள் வெளிவந்தன.

அங்கிருந்து தெற்கே, வீரர்கள் தங்கிய ஆசியாட் கிராமம். இராஜ் ரேவல் வடிவமைத்த சுமார் 700 வீடுகள். ஜெய்சல்மேர் போன்ற பழைய இராஜஸ்தான் நகரங்களின் சந்துகளையும் முற்றங்களையும் நினைவில் வைத்து அவர் அமைத்தவை. மரங்கள் ஓங்கி வளர்ந்து, வசதியுள்ளோர் வாழும் அமைதியான குடியிருப்பாக இன்று அது விளங்குகிறது. அதை ஒட்டியே அலாவுதீன் கில்ஜி 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய சிரி நகரின் மதிற்சுவர்கள் சிதைந்து கிடக்கின்றன. ஒரு தலைநகரின் எலும்புக்கூட்டின்மேல் பதினாறு நாள் விழாவுக்கான ஊரை அமைத்தனர். விழாவும் போய் இன்று இரண்டும் அக்கம்பக்கமாய் நிற்கின்றன.

அவ்விழாவின் சின்னமான அப்பு என்னும் யானைக்கன்றை நம் தலைமுறையினர் அறிவர். தபால்தலையிலும் பள்ளிக் குறிப்பேட்டின் அட்டையிலும் ஆடிய அந்த அப்புவுக்கு உயிருள்ள மாதிரி ஒன்றும் இருந்தது, கேரளத்துக் குட்டிநாராயணன். தொடக்க விழாவுக்கென்று முப்பதுக்கும் மேற்பட்ட யானைகள் கேரளத்திலிருந்து தொடர்வண்டியில் டில்லிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. குட்டிநாராயணன் பின்னர் ஒரு கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து கால் முறிந்து, முழுக்கக் குணமாகாமலே வாழ்ந்து 2005 மே மாதத்தில் இறந்தது.

டில்லியைவிட்டு ஜெய்ப்பூர் செல்பவர்கள் இராம்கட் ஏரிக்கும் சென்றுவரலாம். இதனை நாம் சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம், கண்மாய்களை நம்பி வாழும் நாட்டவர் நாம் என்பதே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 1903இல் கட்டி முடித்த அணை அது. 1931 முதல் ஜெய்ப்பூர் நகரமே அதன் நீரைக் குடித்தது. 1982 ஆசியப் போட்டியில் படகு வலித்தல் நடந்தது இந்த ஏரியில். அதற்கு முந்தைய ஆண்டு ஏரி நிரம்பி வழிந்திருந்தது. அதுவே அது கடைசியாக வழிந்தது. பின்னர் நீர்வரத்து ஓடைகளின் குறுக்கே தடுப்புகள் எழுந்தன. நீர்ப்பிடிப்பு நிலங்களில் பண்ணை வீடுகளும் வேலிகளும் முளைத்தன. சிறுகச் சிறுகத் தண்ணீர் குறைந்து, இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டிற்குள் ஏரி வறண்டது. 2011இல் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டு, ஆக்கிரமிப்புகளை அகற்ற ஆணையிட்டது. 2025 ஆகஸ்டில் ஆளில்லா வானூர்தியைக் கொண்டு மேகத்தில் மருந்து தூவி மழை பெய்விக்கவும் முயன்றனர். ஓடைகளைத் திறப்பதைக்காட்டிலும் மேகத்தைத் திறப்பது எளிது என்று எண்ணினர் போலும். படகுகள் விரைந்த இடத்தில் ஆடுமாடுகள் மேய்கின்றன. வரத்துக்கால் அடைபட்டுக் கிடக்கும் கண்மாய்களைத் திண்டுக்கல் சமவெளியில் கண்டு பழகிய கண்ணுக்கு, இக்காட்சிக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஆக, 1951இன் ஓடுபாதை இல்லை. 1982இன் ஓடுதளம் இல்லை. ஏரியில் நீர் இல்லை. இவ்விரண்டு விழாக்களிலிருந்தும் மாறாமல் எஞ்சியது எது என்று தேடினால், அது எந்த அரங்கிலும் இல்லாமல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புத் தொகுதிகளில் இருக்கிறது.

மேம்பாலங்கள், அரங்குகள், நீச்சற்குளம், உணவு விடுதிகள், வீரர்களின் கிராமம் இவற்றையெல்லாம் குறுகிய காலத்தில் எழுப்புவதற்காக இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசா முதலிய மாநிலங்களிலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டனர். திரட்டியவர்கள் ஜமாதார்கள், நம் ஊர்ப் பேச்சில் மேஸ்திரிகள். அரசு ஒப்பந்தக்காரரிடம் வேலையை ஒப்படைத்தது. ஒப்பந்தக்காரர் ஜமாதாரிடம் கூலியைக் கொடுத்தார். ஜமாதார் தம் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தொழிலாளியிடம் தந்தார். சட்டப்படி நாட்கூலி 9 ரூபாய் 25 காசு. அதில் ஆளுக்கு ஒரு ரூபாய் ஜமாதாருக்கு. கையில் கிடைத்தது 8 ரூபாய் 25 காசு. பெண்களுக்குக் கிடைத்தது வெறும் 7 ரூபாய். 14 வயது நிரம்பாத சிறுவர்களும் வேலை செய்தனர்.

சமூகவியல் அறிஞர் மூவர் பணியிடங்களுக்கு நேரில் சென்று விசாரித்து அறிக்கை எழுதினர். மக்கள் சனநாயக உரிமைகள் சங்கம் அதனை இணைத்து, 1981இல் நீதியரசர் பி. என். பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. அக்கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக ஏற்றுக்கொண்டது. வழக்கறிஞரை அமர்த்தவோ முத்திரைத்தாள் வாங்கவோ வழியற்றவனின் குரல் அஞ்சலில் வந்தாலும் கேட்கப்பட வேண்டும் என்னும் நெறி நம் நாட்டில் வேரூன்றிய ஆண்டுகள் அவை.

1982 செப்டம்பர் 18 அன்று, விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கையில், நீதியரசர்கள் பகவதியும் பகருல் இஸ்லாமும் தீர்ப்பளித்தனர். ஒப்பந்தக்காரர் செய்த தவற்றுக்கு அரசு பொறுப்பாகாது என்னும் வாதம் எடுபடவில்லை. வேலை யாருடையதோ அவருக்கே பொறுப்பு என்றனர். கட்டட வேலை ஆபத்தான வேலை. அதில் 14 வயதுக்குட்பட்டோரை அமர்த்துவது அரசியலமைப்பின் 24ஆம் பிரிவுக்கு முரணானது என்றனர். தீர்ப்பின் உயிர்நிலை 23ஆம் பிரிவைப் பற்றியது. கட்டாய வேலையைத் தடைசெய்யும் பிரிவு அது. கட்டாயம் என்றால் என்ன? சாட்டையும் சங்கிலியும் இருந்தால்தான் கட்டாயமா? பசியும் வறுமையும் ஒருவனை வேறு வழியின்றி எந்தக் கூலிக்கும் இணங்கவைக்குமானால் அதுவும் கட்டாயமே என்று நீதிமன்றம் கண்டது. எனவே சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகப் பெற்று ஒருவன் உழைத்தால், அவன் வாய்திறந்து மறுக்காவிட்டாலும், அது கட்டாய வேலையே. அவனுடைய அடிப்படை உரிமை பறிபோனதாகவே கொள்ளவேண்டும். அவன் சம்மதித்துத்தானே வந்தான் என்னும் பழைய பதிலுக்கு இத்துடன் சட்டத்தில் இடமில்லாமற் போயிற்று.

இந்தக் கடிதம் எழுதப்பட்ட அதே 1981இல்தான் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலை வெளியிட்டார். ஒரு சமுதாய அமைப்பு நீதியானதா என்பதை அது தரும் கூலியைக்கொண்டு சோதித்தறியலாம் என்பது அம்மடலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. சுற்றுமடலைக் கருத்தரங்குகளில் விரித்துரைக்கும் நாம், நம் நாட்டு நீதிமன்றம் ஏறத்தாழ அதே காலத்தில் அதனையொத்த ஒன்றைச் சட்டமாக்கியதை அவ்வளவாகக் குறிப்பிடுவதில்லை.

தீர்ப்பினால் அந்த ஒரு ரூபாய் திரும்பக் கிடைத்ததா? ஆணைகள் நிறைவேறுகின்றனவா என்று கண்காணிக்க நீதிமன்றம் மூவரை நியமித்தது. ஆனால் வேலை முடியும் தறுவாயில் இருந்தது, தொழிலாளர்கள் கலைந்துகொண்டிருந்தனர். பலன் பின்வந்தோருக்கே பெரிதும் வாய்த்தது. 1983இல் இராஜஸ்தானின் பஞ்ச நிவாரணப் பணியாளர்களுக்கும் குறைந்தபட்சக் கூலி தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அதே ஆண்டின் இறுதியில் அரியானாக் கற்குவாரிகளின் கொத்தடிமைகள் வழக்கில் ஆணை பிறப்பித்ததும் இத்தீர்ப்பு வெட்டிய வழியில்தான். திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரம் உட்பட நம் மாநிலத்து நூற்பாலைகள் பலவற்றில், இளம்பெண்களை விடுதியில் அடைத்து வேலைவாங்கி, ஆண்டுகள் முடிந்தபின் திருமணத்திற்கு மொத்தத் தொகை தருவதாகக் கூறிய சுமங்கலித் திட்டம் பெரும் விவாதத்திற்கு உள்ளானபோது, பெற்றோர் விரும்பித்தானே அனுப்பினர் என்று பேசப்பட்டது. அந்தப் பேச்சுக்கு 1982லேயே விடை எழுதப்பட்டிருந்தது. விடுதிக் கதவருகே அதனை எடுத்துச் சென்று படித்துக் காட்டுவோர்தாம் குறைவாக இருந்தனர்.

டில்லியிலேயே அது மறக்கப்பட்டது. 2010 காமன்வெல்த் விளையாட்டுகளுக்கான கட்டடப் பணிகளில், குறைந்தபட்சக் கூலி தரப்படவில்லை என்றும் தொழிலாளர் குடியிருப்புகள் வாழத்தகாதவை என்றும் டில்லி உயர்நீதிமன்றம் அமைத்த குழு அவ்வாண்டு கண்டறிந்தது. விழா தொடங்குவதற்குப் பன்னிரண்டு நாட்களே இருந்தபோது, செப்டம்பர் 21ஆம் நாள், நேரு அரங்கத்தின் அருகே கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் சரிந்து 20க்கும் மேற்பட்ட தொழிலாளர் காயமுற்றனர். யமுனைக் கரையில் வீரர்களுக்கென எழுந்த 1,168 அடுக்ககங்களில் பல, விழா முடிந்து ஆண்டுக்கணக்கில் விலைபோகாமல் பூட்டிக்கிடந்தன. கட்டியவர்கள் அதற்குள் வேறு நகரங்களில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்திருப்பர்.

அடுத்த முறை அகமதாபாத். 2030ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுகள் அந்நகருக்கென 2025 நவம்பரில் உறுதிசெய்யப்பட்டுள்ளன. 2036 ஒலிம்பிக்கை நடத்தவும் விருப்பம் தெரிவித்து இந்தியா 2024 அக்டோபரில் கடிதம் அளித்துள்ளது. 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் இடத்தில் இப்போது புதிய ஊதியத் தொகுப்புச் சட்டம் நடப்புக்கு வந்திருக்கிறது. நம் வாசகர்களில் எவருக்கேனும் அப்பக்கம் செல்லும் வாய்ப்பிருந்தால், அரங்கு எழும்பிக்கொண்டிருக்கும்போதே சென்று வருவது நல்லது. திறப்பு விழாவுக்குப்பின் சென்றால் பார்க்கவேண்டியவர்கள் பெரும்பாலும் ஊர் திரும்பியிருப்பார்கள்.